கடைசிப் பக்கம் கிடைக்காத வாசகர்கள்: 'மொபி டிக்' நாவல் மீதான எதிர்வினைகள் குறித்து

ஒரு நாவலைக் கோபத்தோடு மூடிவைத்த அனுபவம் எனக்கு ஒரேயொரு முறைதான் ஏற்பட்டிருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் நோன்பு மாதத்தில் அது நிகழ்ந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்து, நோன்பு திறக்கும்வரை வீட்டு விறாந்தையில் அமர்ந்து ஹேர்மன் மெல்விலின் 'மொபி டிக்' நாவலை வாசித்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது அத்தியாயத்தின் தலைப்பைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'ரமழான்' என்றிருந்தது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் திமிங்கில வேட்டையைப் பற்றி எழுதிய ஓர் அமெரிக்கர் நமது மாதத்தின் பெயரை ஓர் அத்தியாயத்துக்குச் சூட்டியிருக்கிறாரே என்று மனம் குளிர்ந்தது. உள்ளே போனேன். அங்கே இருந்தவன் நோன்பாளியல்ல. தென்கடல் தீவொன்றைச் சேர்ந்த உருவ வணக்கக்காரன் ஒருவன் தனது மரச்சிலையைத் தலையில் வைத்துக்கொண்டு அறையின் நடுவே குந்தியிருந்தான். அதற்குத்தான் 'ரமழான்' என்று பெயர். போதாக்குறைக்கு, நோன்பு உடலுக்கும் கேடு ஆன்மாவுக்கும் பயனற்றது என்று கதைசொல்லி ஒரு பிரசங்கமும் செய்கிறான். புத்தகத்தை மூடிவிட்டேன்.

மூடியதோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை ஏற்பட்டிராது. பெருநாள் கழிந்து சில வாரங்களில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில், மேலைத்தேய இலக்கியத்தில் முஸ்லிம்கள் சித்திரிக்கப்படும் விதம் குறித்துப் பேச எனக்குப் பத்து நிமிடங்கள் தந்தார்கள். அதில் மெல்விலையும் இழுத்து, நமது நோன்பைக் கேலி செய்த எழுத்தாளர்களின் வரிசையில் நிறுத்தினேன். சபை தலையசைத்தது. அங்கிருந்தவர்களில் ஒருவராவது அந்த நாவலை வாசித்திருந்ததாகத் தெரியவில்லை. வாசித்திருந்த ஒரே ஆளும் பதினேழாம் அத்தியாயத்தைத் தாண்டியிருக்கவில்லை. அந்த ஆள் நான்.

எங்கள் பாடசாலையில் இஸ்லாம் கற்பிக்கும் மௌலவி ஒருவர் அன்று என்னோடு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். திரும்பும் வழியில் கேட்டார்: "சேர், அந்தக் கிதாபு முடிவுல என்ன நடக்குது?"

"தெரியாது மௌலவி. நான் பாதியில வெச்சிட்டன்."

"வெச்சது ஒங்கட உரிமை. ஆனா வெச்சவரு மேடையில ஏறித் தீர்ப்புச் செல்லப்படா. கடைசிப் பக்கம் பாக்காம எப்பிடித் தீர்ப்புச் செல்ற?"

அந்தக் கேள்வி நெடுநாள் என்னோடு கிடந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பாடசாலைகள் பூட்டப்பட்டபோதுதான் நாவலை மீண்டும் கையிலெடுத்து, 135 அத்தியாயங்களையும் முடிவுரையையும் வாசித்து முடித்தேன். அதன் பிறகு இந்நாவலை மற்றவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதையும் தேடித்தேடி வாசித்தேன். அப்போது ஒரு விசித்திரமான உண்மை புலப்பட்டது. கடைசிப் பக்கம் பார்க்காமல் இந்நாவலுக்குத் தீர்ப்புச் சொன்ன முதல் ஆள் நானல்ல. 1851 இலேயே லண்டனில் பலர் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள்மீது குற்றமில்லை. அவர்களுக்குக் கடைசிப் பக்கம் கொடுக்கப்படவே இல்லை.

*

மெல்வில் 1819 ஓகஸ்ட் முதலாம் திகதி நியூயோர்க்கில் பிறந்தவர். 1841 ஜனவரியில் 'அகுஷ்நெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் மாலுமியாகப் புறப்பட்டு, அடுத்த வருடம் பசுபிக் சமுத்திரத்தின் தீவொன்றில் கப்பலை விட்டு ஓடியவர். அந்த அனுபவத்தைக் கொண்டு 1846 இல் எழுதிய 'டைப்பி' அவருக்குப் புகழைத் தந்தது. 'மொபி டிக்' அவரது ஆறாவது நூல்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இஷ்மேல் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இளைஞன் ஒருவன், கையில் காசும் கரையில் பிடிப்பும் அற்றுப்போன நிலையில் கடலுக்குப் போகத் தீர்மானிக்கிறான். சத்திரமொன்றில் குவீக்வெக் என்ற தென்கடல் தீவுக்காரனோடு ஒரே கட்டிலைப் பகிர நேரிடுகிறது. உடலெங்கும் பச்சை குத்திய அந்த எறியீட்டிக்காரனைக் கண்டு முதலில் அஞ்சுகிறான்; பின்னர் உயிர் நண்பனாக ஏற்றுக்கொள்கிறான். இருவரும் 'பெக்குவோட்' என்ற கப்பலில் சேர்கிறார்கள். அதன் கப்டன் ஆஹாப், தனது காலைக் கவ்விய வெள்ளைத் திமிங்கிலமொன்றைப் பழிதீர்ப்பதற்காகவே கப்பலைச் செலுத்துகிறான். வேட்டை மூன்று நாள் நடக்கிறது. மூன்றாம் நாள் திமிங்கிலம் கப்பலை மோதி உடைக்கிறது. கப்பலும் ஆட்களும் கடலுக்குள் போகிறார்கள்.

நாவல் முதலில் வெளிவந்தது அமெரிக்காவிலல்ல; லண்டனில். 1851 ஒக்டோபர் 18 ஆம் திகதி ரிச்சர்ட் பென்ற்லி என்ற பதிப்பாளர் 'திமிங்கிலம்' என்ற பெயரில் மூன்று பாகங்களாக 500 பிரதிகள் வெளியிட்டார். நியூயோர்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் 'மொபி டிக்' என்ற பெயரில் அதை வெளியிட்டது நவம்பர் 14 ஆம் திகதிதான். இவ்விரு பதிப்புகளும் ஒன்றல்ல. கிறிஸ்தவ சமயத்தை அவமதிப்பதாகக் கருதப்பட்ட பல இடங்கள் லண்டன் பதிப்பில் வெட்டியும் திருத்தியும் இருந்தன. முடிசூட்டு விழாவில் மன்னரின் தலையில் பூசும் எண்ணெயைப் பற்றிக் கிண்டல் பேசும் இருபத்தைந்தாம் அத்தியாயம் முழுதாகவே காணாமற் போயிருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, நாவலின் முடிவுரை அங்கே இருக்கவில்லை.

அந்த முடிவுரை ஒரு பக்கம்கூட நீளாது. ஆனால் கதைசொல்லி உயிர்தப்பிய செய்தி அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கப்பலோடு எல்லாரும் மூழ்கிவிடுகிறார்கள். கதை சொல்ல ஆளில்லை. லண்டன் விமர்சகர்கள் விடுவார்களா? ஒக்டோபர் 25 ஆம் திகதி வெளிவந்த 'ஸ்பெக்டேற்றர்' இதைப் பிழையாகப் பிடித்தது. சுரங்கத்துக்குள் எல்லாரும் மாண்டுபோனால் அவர்கள் பேசிக்கொண்டதை நாவலாசிரியர் எழுதக்கூடாது என்ற விதியை அது நினைவூட்டியது. டிசம்பரில் 'லிற்றரரி கஸெற்' இன்னும் குத்தலாக, மற்றவர்களோடு மூழ்கிப்போனவர் தனது குறிப்புகளை எப்படிப் பதிப்பாளரிடம் சேர்ப்பித்தார் என்று வினவியது. 'அதினியம்' இதழும் நாவலின் முடிவு அவசரமாகவும் பலவீனமாகவும் அமைந்திருப்பதாகச் சொன்னது. லண்டனில் எல்லாரும் தாக்கினார்கள் என்பதற்கில்லை. மனந்திறந்து பாராட்டிய பத்திரிகைகளும் இருந்தன. ஆனால் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது தாக்குதல்தான். பொஸ்டன் நகரப் பத்திரிகையொன்று 'அதினியம்' இதழின் கண்டனத்தை எடுத்துப் போட்டு அதையே தனது மதிப்புரையாக்கிக் கொண்டது. முடிவுரை அச்சிடப்பட்ட நாட்டிலே, முடிவுரை இல்லாத புத்தகத்துக்கு எழுதப்பட்ட தீர்ப்பு உலா வந்தது.

இந்த வரலாற்றை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் இலக்கியச் சந்திப்பில் நான் செய்ததும் அதைத்தான். ஒருவர் பாதி வாசித்துச் சொன்னதை வாசிக்காத நாற்பது பேர் ஏற்றுக்கொண்டு வீடு போனார்கள்.

அமெரிக்காவில் மெல்விலின் நண்பரான எவெர்ட் டைக்கின்க் தனது 'லிற்றரரி வேர்ல்ட்' இதழில் நவம்பர் மாதம் இரண்டு பகுதிகளாக மதிப்புரை எழுதினார். நாவலின் ஆற்றலை அவர் மறுக்கவில்லை. ஆனால் உலகம் புனிதமெனப் போற்றுகின்றவற்றை மெல்வில் கையாளும் விதம் அவரை நோகச் செய்தது. இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1851 இல் இந்நாவலால் மனம் புண்பட்டவர்கள் கிறிஸ்தவ வாசகர்கள். மெல்வில் நம்மை மட்டும் தேர்ந்தெடுத்துச் சிரித்தார் என்ற எனது மேடைப் பேச்சு, இந்த ஒரு தகவலின் முன்னாலேயே ஆட்டம் காண்கிறது.

மெல்விலின் வாழ்நாள் முழுவதிலும் அமெரிக்காவில் விற்பனையான பிரதிகள் மூவாயிரத்துச் சொச்சம்தான். 1853 டிசம்பரில் ஹார்ப்பர் நிறுவனத்தில் ஏற்பட்ட தீயில் மிஞ்சியிருந்த பிரதிகளும் எரிந்தன. 1866 முதல் பத்தொன்பது வருடங்கள் நியூயோர்க் சுங்கத்தில் பரிசோதகராகக் கடமையாற்றி, 1891 செப்டெம்பரில் ஏறத்தாழ மறக்கப்பட்ட மனிதராக அவர் காலமானார்.

*

இனி அந்தப் பதினேழாம் அத்தியாயத்துக்கு வருவோம்.

அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இஷ்மேல் தனது பெருந்தன்மையைப் பறைசாற்றுகிறான். எவருடைய மதக் கடமையையும், அது எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும், தான் மதிப்பதாகச் சொல்கிறான். காளானை வணங்கும் எறும்புக் கூட்டத்தைக்கூடத் தன்னால் இழிவாக நினைக்க முடியாது என்கிறான். 'மதிக்கிறேன்' என்ற சொல்லுக்குள்ளே ஒரு சிரிப்பு ஒளிந்திருப்பதை வாசகர் உணரலாம். பெரும்பான்மையினரின் இந்த வகைப் பெருந்தன்மை நமக்குப் புதிதல்ல. 2009 இல் என்னைச் சுட்டது இந்தத் தொனிதான். அது சுட்டதில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

மாலையில் இஷ்மேல் வந்து கதவைத் தட்டுகிறான். பதிலில்லை. நண்பன் மயங்கி விழுந்துவிட்டானோ என்று பதறிக் கதவை உடைக்கிறான். உள்ளே குவீக்வெக் அசையாமல் குந்தியிருக்கிறான். இரவு முழுதும் அப்படியே இருக்கிறான். விடிந்ததும் விறைத்த மூட்டுகளோடு, ஆனால் மலர்ந்த முகத்தோடு எழுந்து வந்து, நண்பனின் நெற்றியோடு தனது நெற்றியைச் சேர்த்துத் தனது ரமழான் முடிந்தது என்கிறான்.

அதன் பிறகுதான் அந்தப் பிரசங்கம் வருகிறது. பட்டினி கிடந்தால் வயிறு கெடும். வயிறு கெட்டால் சிந்தனை கெடும். நரகம் என்ற எண்ணமே செரிக்காத பண்டமொன்றிலிருந்து பிறந்ததுதான் என்ற பாணியில் இஷ்மேல் நீட்டி முழக்குகிறான். முதல் வாசிப்பில் நான் இந்த இடத்தோடு நின்றுவிட்டேன். நாவல் நிற்கவில்லை. உனக்கு எப்போதாவது செரிமானக் கோளாறு வந்ததுண்டா என்று குவீக்வெக்கிடம் கேட்கிறான். ஒரேயொரு முறை வந்ததாக அவன் சொல்கிறான். அது நோன்பினால் வந்ததல்ல. போரில் கொல்லப்பட்ட ஐம்பது எதிரிகளைச் சமைத்து உண்ட பெருவிருந்தின் பின்னர் வந்தது! பிரசங்கம் அத்தோடு படுத்துவிடுகிறது. கடைசியில் குவீக்வெக் நண்பனை இரக்கத்தோடு பார்க்கிறான். இவ்வளவு புத்தியுள்ள பிள்ளை மார்க்க விடயத்தில் இப்படி வழிதவறிக் கிடக்கிறதே என்று அவன் கவலைப்படுவதாக இஷ்மேலே நமக்குச் சொல்கிறான்.

அப்படியானால் இங்கே சிரிப்புக்கு ஆளாவது யார்? இருந்த இடத்தில் அசையாமல் இருந்து தன் கடனை முடித்து எழுந்தவனா? அவனுக்கு மருத்துவம் போதிக்கப் போய் மூக்குடைபட்டவனா? மெல்வில் தனது கதைசொல்லியையே பலியாக்குகிறார். நான் கதைசொல்லியின் குரலை ஆசிரியரின் குரலாக எடுத்துக்கொண்டேன். கதைசொல்லி வேறு, ஆசிரியர் வேறு என்பதை உயர்தர வகுப்பில் எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் நெஞ்சில் படும்போது அந்தப் பாடம் எனக்கு மறந்துபோயிற்று.

அடுத்த அத்தியாயம் இதைவிடக் கூர்மையானது. கப்பல் உரிமையாளர்களான பெலெக், பில்டாட் இருவரும் பக்திமிக்க குவேக்கர்கள். குவீக்வெக் மதம் மாறியதற்கு அத்தாட்சி காட்டினால்தான் கப்பலில் ஏற்றலாம் என்று பில்டாட் வேதம் பேசுகிறார். குவீக்வெக் பேசவில்லை. தண்ணீரில் மிதக்கும் சிறு தார்ப்பொட்டு ஒன்றைக் காட்டி, எறியீட்டியை வீசி அதைத் தைக்கிறான். மறுகணமே பெலெக் ஒப்பந்தப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். இலாபத்தில் தொண்ணூறில் ஒரு பங்கு அவனுக்கு. தேவாலயப் பெயர் சொல்லக்கூடிய இஷ்மேலுக்குக் கிடைத்ததோ முந்நூறில் ஒரு பங்கு. திறமை இலாபமாக மாறும் இடத்தில் மார்க்க விசாரணை முடிந்துவிடுகிறது. 1851 இல் ஓர் அமெரிக்கர் தனது சொந்தச் சமூகத்தைப் பார்த்து இதை எழுதினார் என்பது சாதாரண விடயமல்ல.

*

கதைசொல்லியின் பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாவலின் முதல் வசனத்திலேயே வரும் அந்தப் பெயரைக் கேட்டதும் அமெரிக்க வாசகர் என்ன உணர்ந்திருப்பார்? அவர்களது வேதாகமத்தின் ஆதியாகமத்தில் அவர் ஆகாரின் மகன். தாயோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டவர். தமிழ் வேதாகமத்தில் இஸ்மவேல். ஆங்கிலத்தில் அப்பெயர் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் பொதுச் சொல்லாகவே ஆகிவிட்டிருந்தது. அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்பவன் தன்னை அநாதை என்கிறான்.

நமக்கு அப்பெயர் அப்படி ஒலிப்பதில்லை. நமக்கு இஸ்மாயீல் (அலை) தந்தையோடு சேர்ந்து கஃபாவை உயர்த்தியவர், வாக்குத் தவறாதவர், தந்தையின் கனவுக்குத் தன்னையே கொடுக்க முன்வந்தவர். பாலைவனத்தில் அவர் அழுதபோது நீர் சுரந்தது. நமது ஊர்களில் வீதிக்கு ஓர் இஸ்மாயீல் காக்கா இருக்கிறார்; எவரும் தன்னை ஒதுக்கப்பட்டவர் என்று எண்ணி அப்பெயரைச் சுமப்பதில்லை.

ஆகவே முதல் வசனத்திலேயே நாம் வேறொரு நாவலை வாசிக்கத் தொடங்கிவிடுகிறோம். இதை வாசிப்புக் குறைபாடு என்று நான் கருதவில்லை. மாறாக, நமக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சாளரம் இது. அப்பெயரின் மூலப்பொருள், இறைவன் செவிமடுக்கிறான் என்பதாகும். ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளை மட்டும் கேட்பவருக்கு இஷ்மேல் உயிர்தப்புவது ஒரு தற்செயல். செவிமடுக்கப்பட்டவன் என்ற பொருளும் தெரிந்தவருக்கு அந்த முடிவில் வேறோர் ஓசையும் கேட்கும். மெல்வில் இதை எண்ணித்தான் எழுதினார் என்று நான் வாதிட வரவில்லை. வாசகன் தன் வீட்டிலிருந்து கொண்டுவரும் பொருளுக்கும் நாவலில் இடமிருக்கிறது என்பதே எனது கருத்து.

*

முடிவுரையில் என்ன இருக்கிறது?

பயணத்தின் நடுவே குவீக்வெக் கடும் காய்ச்சலில் விழுகிறான். பிழைக்கமாட்டேன் என்றெண்ணித் தனக்கொரு சவப்பெட்டி செய்யும்படி கேட்கிறான். கப்பல் தச்சன் செய்து கொடுக்கிறான். ஆனால் கரையில் செய்யாமல் விட்ட கடமையொன்று நினைவுக்கு வர, அவன் சாகாமல் எழுந்துவிடுகிறான். அந்தப் பெட்டியில் தன் துணிமணிகளை வைத்துக்கொள்கிறான். அதன் மூடியில் தன் உடலில் பச்சை குத்திய கோலங்களைச் செதுக்குகிறான். அவனது தீவின் ஞானியொருவர் வானத்தையும் பூமியையும் பற்றிய முழு ஞானத்தையும் அவன் உடலில் எழுதியிருந்தார். அவனுக்கே அதை வாசிக்கத் தெரியாது. பின்னர் கப்பலின் உயிர்காப்பு மிதவை தொலைந்துபோக, அந்தப் பெட்டியே மிதவையாக மாற்றப்படுகிறது. கப்பல் மூழ்கியபோது கடலுக்குள்ளிருந்து மேலே வந்தது அதுதான். ஒரு பகலும் ஓர் இரவும் இஷ்மேல் அதைப் பற்றிப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான். தொலைந்த மகனைத் தேடித் திரிந்த 'ரேச்சல்' என்ற கப்பல் அவனைக் கண்டெடுக்கிறது. தேடலுக்கு உதவுமாறு கேட்டபோது ஆஹாப் கைவிட்ட அதே கப்பல்.

பதினேழாம் அத்தியாயத்தில் நண்பனின் நோன்புக்கு வைத்தியம் சொன்னவனை, நூற்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்களுக்குப் பிறகு அந்த நண்பனின் பெட்டி சுமக்கிறது. அதன்மேல் செதுக்கப்பட்டிருப்பது இஷ்மேலுக்கு வாசிக்கத் தெரியாத ஒரு மார்க்கம். 1851 இல் லண்டன் வாசகர்களுக்குக் கிடைக்காமற் போனது இந்தப் பக்கம்தான். 2009 இல் நானாக இழந்ததும் இதே பக்கம்தான். அதற்கும் முன்னர், ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில், இதே நாவலின் நூறு பக்கச் சுருக்கமொன்றை வாசித்திருந்தேன். அதில் திமிங்கிலம் இருந்தது, வேட்டை இருந்தது, ரமழான் அத்தியாயமே இல்லை. என்னைப் புண்படுத்தக்கூடிய எதுவும் அதில் இருக்கவில்லை. என்னைத் திருத்தக்கூடிய எதுவும்கூட இருக்கவில்லை.

ஆனாலும் கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை. இந்நாவலில் ஃபெதல்லா என்றொரு பாத்திரம் உண்டு. ஆஹாப் இரகசியமாக ஏற்றிவந்த ஆட்களின் தலைவன். ஆசிரியர் அவனைப் பார்சி என்கிறார். ஆனால் பெயரோ அரபுச் சாயலில் ஒலிக்கிறது. வெண்முடியைத் தலைப்பாகைபோலச் சுற்றியிருக்கிறான். கிழக்கு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற அலட்சியம் இங்கே தெரிகிறது. மாலுமிகள் அவனைப் பிசாசு என்று பேசிக்கொள்கிறார்கள். அதைவிட மோசம், கதைசொல்லியும் கீழைத்தேயம் பற்றிய மர்மக் கதைகளைச் சொல்லி அந்தப் பேச்சுக்குத் துணைபோகிறான். குவீக்வெக்குக்குக் கிடைத்த நட்போ, நகைச்சுவையோ, நெற்றி சேர்க்கும் ஒரு காலைப் பொழுதோ ஃபெதல்லாவுக்குக் கிடைக்கவில்லை. அவன் நிழலாக வந்து நிழலாகவே சாகிறான். நாவலை முழுதாக வாசித்த பிறகும் இந்தக் குறை குறையாகவே நிற்கிறது. 2009 ஆம் ஆண்டின் மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கவில்லை. ஃபெதல்லா மேடைக்கு வருமுன்னரே நான் எழுந்து போய்விட்டேன்.

*

இந்நாவல் மீண்டெழுந்ததும் வாசகர்களால்தான். 1919 இல் மெல்விலின் நூற்றாண்டு வந்தபோது சிலர் அவரைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1921 இல் ரேமண்ட் வீவர் அவரது வரலாற்றை எழுதினார். 1923 இல் ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லோரன்ஸ் இந்நாவலைப் பெரும் படைப்பென்று போற்றி, மூழ்கும் கப்பலில் வெள்ளை அமெரிக்காவின் அழிவைக் கண்டார்.

என்னை மிகவும் கவர்ந்த வாசகர் சீ. எல். ஆர். ஜேம்ஸ். ட்ரினிடாட்டில் பிறந்த கறுப்பின மார்க்ஸியச் சிந்தனையாளர். 1952 இல் அமெரிக்க அரசு அவரை நாடுகடத்துவதற்காக எலிஸ் தீவில் தடுத்து வைத்தது. அங்கிருந்தபடி அவர் மெல்வில் பற்றிய நூலொன்றை எழுதினார். 1953 இல் அது வெளிவந்தது. அதுவரை விமர்சகர்கள் ஆஹாப்பையும் இஷ்மேலையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஜேம்ஸ் கீழ்த்தட்டுக்கு இறங்கி, பல நாடுகளையும் நிறங்களையும் சேர்ந்த உழைப்பாளிகளான மாலுமிகளே நாவலின் நாயகர்கள் என்றார். ஆஹாப்பில் அவர் கண்டது இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரியை. பல தேசத்தவரோடு அடைபட்டிருந்த ஒரு மனிதரின் கண்ணுக்குத்தான் அந்தக் கீழ்த்தட்டு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

மற்றவர் பலஸ்தீனரான எட்வேர்ட் செய்த். 2001 செப்டெம்பர் தாக்குதல்கள் நடந்து ஐந்தே நாளில், செப்டெம்பர் 16 ஆம் திகதி லண்டன் 'ஒப்சேவர்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், போரை நோக்கித் திரண்ட அமெரிக்க உணர்ச்சியை மொபி டிக்கைத் துரத்தும் ஆஹாப்போடு ஒப்பிட்டார். அமெரிக்கர்களுக்குக் கண்ணாடி காட்ட அவர் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. அவர்களது சொந்த நாவலையே எடுத்து நீட்டினார். இதே நாவலின் முதல் அத்தியாயத்தில், விதி எழுதிய நிகழ்ச்சி நிரலாக இஷ்மேல் மூன்று விடயங்களைக் கற்பனை செய்கிறான். போட்டி மிகுந்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல், அதன் கீழே இஷ்மேலின் கடற்பயணம், அதன் கீழே ஆப்கானிஸ்தானில் இரத்தக்களரிப் போர். மெல்விலின் காலத்தில் அது 1839 இல் ஆங்கிலேயர் தொடங்கிய போரின் நினைவு. 2001 க்குப் பிறகு வாசித்தவர்களுக்கு அது அப்படி மட்டும் தெரியவில்லை.

ஜேம்ஸும் செய்தும் காயப்படாத வாசகர்களல்லர். நம்மைவிட அதிகம் காயப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் காயத்தோடு கடைசிப் பக்கம்வரை போனார்கள். அதனால்தான் அவர்களது சொல்லுக்கு அந்நாவலின் சொந்தக்காரர்களும் செவிசாய்க்க வேண்டியிருந்தது. காயத்தைக் காட்டி எழுந்து போகிறவரின் பேச்சை எவரும் கேட்கப் போவதில்லை. காயமே படவில்லை என்று நடிக்கும் விமர்சகரின் பேச்சுக்கும் அதே கதிதான்.

*

ஊரடங்கு தளர்ந்த பின்னர் மௌலவியிடம் புத்தகத்தைக் கொடுத்து, பதினேழாம் அத்தியாயத்தையும் முடிவுரையையும் சேர்த்து வாசிக்கச் சொன்னேன். அவரது ஆங்கிலம் மெதுவானது; அகராதியை வைத்துக்கொண்டு வாசிப்பவர். இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்தால் மனிதர் முழுப் புத்தகத்தையும் எட்டு மாதத்தில் முடித்துவிட்டு வந்தார். நான் அவரிடம் சவப்பெட்டியின் அழகைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். நோன்பை எள்ளியவனை நோன்பாளியின் பெட்டி காப்பாற்றியது எவ்வளவு பெரிய நியாயம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"எல்லாஞ் செரி சேர். ஆனா ஒண்டு கேக்கிறன். நோன்பு புடிச்சவன் மௌத்தாகிட்டான். சிரிச்சவன் தப்பி வந்து கதை செல்றான். பெட்டி மட்டும் வந்திரிச்சு, ஆள் வரல்ல. அந்தப் பெட்டியில எழுதியிருந்தத வாசிக்க இனி ஆரு இரிக்கா? இது எந்த நியாயத்துல சேருது?"

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்றுவரை இல்லை. ஃபெதல்லாவோடு சேர்த்து வைக்கவேண்டிய கேள்வி அது. நான் படித்த விமர்சனங்களைவிடக் கனமானது. அடுத்த இலக்கியச் சந்திப்பில் எனக்குப் பத்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை மௌலவிக்குக் கொடுக்குமாறு கேட்டிருக்கிறேன்.